பெரிய எலும்புக்கு எத்தனை கிலோ கூடுதல்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். வந்த நாளிலிருந்து மனதிலேயே கிடக்கிற கேள்வி. சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"டாக்டர், எனக்கு வயது 41. உயரம் 160 சென்டிமீட்டர். எடை 74 கிலோ. எங்கள் அம்மா, பெரியம்மா எல்லோருக்குமே பெரிய எலும்பு. எனக்கும் அதே உடல்வாகு. நெட்டில் பார்த்தால் 58 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று வருகிறது. என் மாதிரி உடம்புக்கு அது பொருந்துமா? எலும்பு பெரிதாக இருந்தால் எத்தனை கிலோ கூடுதலாக இருக்கலாம்? மணிக்கட்டை அளந்து பார்த்தேன், பதினாறரை சென்டிமீட்டர். வளையல் 2-8 போடுகிறேன்."

முதலில் இந்தச் சகோதரிக்கு என் பாராட்டு. "எனக்குப் பெரிய எலும்பு" என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். டேப்பை எடுத்து அளந்துவிட்டு வந்து சொல்கிறவர்கள் குறைவு. இவர் அளந்திருக்கிறார். அதனால் நானும் எண்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

கணக்கு சுலபம். உயரத்தை மணிக்கட்டுச் சுற்றளவால் வகுக்க வேண்டும், இரண்டையும் சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு. பெண்களுக்கு விடை 11-க்கு மேல் வந்தால் சிறிய உடலமைப்பு. 10.1-லிருந்து 11 வரை நடுத்தரம். 10.1-க்குக் கீழே போனால் பெரிய உடலமைப்பு. ஆண்களுக்கு 10.4-க்கு மேல் சிறியது, 9.6-க்குக் கீழே பெரியது, இடையில் நடுத்தரம். இந்தச் சகோதரிக்கு 160-ஐ 16.5-ஆல் வகுத்தால் 9.7 வருகிறது. ஆகவே அவர் சொல்வது உண்மை. அவருக்கு அகலமான எலும்பமைப்புதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

அளக்கும் இடம் முக்கியம். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், பாருங்கள். அந்த எலும்பின் மேல் டேப்பை வைக்கக்கூடாது. அதைத் தாண்டி, உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டு ஒடுங்குகிற இடத்தில் சுற்ற வேண்டும். டேப் தோலைத் தொட்டால் போதும், இறுக்கக்கூடாது. மணிக்கட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அங்கே சதையும் கொழுப்பும் குறைவு, கிட்டத்தட்ட எலும்பையே அளக்கிற மாதிரி. இருந்தாலும் எடை நன்றாக ஏறியவர்களுக்கு அங்கேயும் கொஞ்சம் கூடும். கர்ப்பமாக இருக்கும்போது வீக்கத்தால் கூடும். அந்தச் சமயத்தில் அளந்த அளவை நம்ப வேண்டாம்.

வளையல் விஷயம். 2-8 என்றால் உள்விட்டம் இரண்டு இன்ச்சும் பதினாறில் எட்டுப் பங்கும், அதாவது இரண்டரை இன்ச். ஆனால் வளையல் மணிக்கட்டின் அளவைக் காட்டாது. விரல் முட்டிகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும் அல்லவா, அதனால் அது உள்ளங்கையின் அளவு. கை வளைகிறவர்கள் சின்ன வளையலைக்கூட நுழைத்துவிடுவார்கள். சோப்பு போட்டு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

இதோடு சேர்ந்து செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு நேயர், நம் வீடியோக்களைத் தவறாமல் பார்க்கிறவர், ஒரு கேள்வி கேட்டிருந்தார். கணுக்கால் அளவை வைத்து உடலமைப்பைச் சொல்லலாமா என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆமாம் ஐயா, சொல்லலாம். கணுக்கால் எலும்பின் அகலத்தையும் ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள், மணிக்கட்டு மாதிரியே அங்கும் கொழுப்பு குறைவு. கொலுசின் நீளம் மட்டும் உதவாது. அதைத் தளரவிட்டுத்தான் போடுகிறோம், சாயங்காலம் ஆனால் காலில் நீரும் இறங்கிவிடும்.

சரி, இந்த உடலமைப்புக் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் 1942-43-ல் உயரத்துக்கேற்ற எடை அட்டவணை வெளியிட்டது. பாலிசி எடுத்தவர்களில் யார் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று பார்த்துப் போட்ட அட்டவணை. அதிலேயே சிறிய, நடுத்தர, பெரிய உடலமைப்பு என்று மூன்று பத்திகள் இருந்தன. ஆனால் யார் எந்தப் பத்தி என்று கண்டுபிடிக்க அளவு எதுவும் தரவில்லை. 1959-ல் திருத்தினார்கள், அப்போதும் தரவில்லை. அவரவருக்குப் பிடித்த பத்தியில் அவரவர் சேர்ந்துகொண்டார்கள். எடை கூடியவர்கள் எந்தப் பத்திக்குப் போவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1983-ல்தான் முழங்கை எலும்பின் அகலத்தை அளவாக வைத்தார்கள். கையை முழங்கையில் செங்குத்தாக மடக்கி, இரு பக்கமும் துருத்துகிற எலும்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பது. பாதிப் பேர் நடுத்தரத்தில் வருகிற மாதிரி எல்லை போட்டார்கள்.

அந்த அட்டவணையில் 5 அடி 3 அங்குலப் பெண்ணுக்கு, செருப்பு, துணிமணியோடு, நடுத்தர உடலமைப்பு என்றால் 121 முதல் 135 பவுண்டு. பெரிய உடலமைப்பு என்றால் 131 முதல் 147 பவுண்டு. கிலோவில் பார்த்தால் நடுத்தரத்துக்கும் பெரியதுக்கும் வித்தியாசம் சுமார் ஐந்து கிலோ. எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ. பதினைந்து கிலோ கிடையாது.

அந்த ஐந்தும் எலும்பின் எடையா? அதுவும் இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒரு ஆணின் உடம்பில் எலும்பு, அதற்குள் இருக்கும் மஜ்ஜை எல்லாம் சேர்த்தே சுமார் பத்து கிலோதான். அதில் ஒருவருக்கு இருபது சதவீதம் கூடுதல் என்று வைத்தாலும் இரண்டு கிலோ. மீதி, அகலமான எலும்பின் மேல் உட்காரும் கூடுதல் தசை. அம்மாபேட்டைக்காரருக்குத் தறியை வைத்தே சொல்லலாம். அகலத் தறியில் நெய்யும் சேலைக்கு நூல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்காக இரண்டு சேலைக்கான நூலைப் பிடிக்காது.

இப்போது உங்கள் 58-க்கு வருகிறேன். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ, உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் எண். இந்தியர்களுக்கு அது 18.5-லிருந்து 22.9 வரை சரியான அளவு. 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு இது சுமார் 47-லிருந்து 58 கிலோ வரை வரும். ஒரே உயரத்துக்கு 11 கிலோ இடைவெளி இருக்கிறது, கவனித்தீர்களா? சின்ன எலும்புக்காரர் கீழ்ப்பக்கம் இருக்கலாம், பெரிய எலும்புக்காரர் மேல்பக்கம் இருக்கலாம், அந்த இடைவெளி அதற்கும் இடம் கொடுக்கிறது. ஆக, உங்கள் உடல்வாகுக்கு 58 என்பது நியாயமான எண்தான். தாராளமாக இன்னும் மூன்று நான்கு கிலோ போட்டு 62 என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் 74. மிச்சம் பன்னிரண்டு கிலோ இருக்கிறதே, அதற்கு எலும்பு பொறுப்பேற்காது.

நம் பழைய நேயர்களுக்கு இப்போது நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். ஆமாம், இடுப்பு. எடை மிஷினை விட்டு இறங்குங்கள், டேப்பை எடுங்கள். நான் இதை எத்தனை முறை சொன்னாலும் சலிக்க மாட்டேன். அகலமான தோள் இருக்கலாம், பெரிய மணிக்கட்டு இருக்கலாம், இடுப்பெலும்பே அகலமாக இருக்கலாம். ஆனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் முதுகெலும்பைத் தவிர வேறு எலும்பு கிடையாது. அந்த இடத்தில்தான் டேப்பைச் சுற்ற வேண்டும். நின்றுகொண்டு, சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது, வயிற்றை எக்காமல். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டக்கூடாது. இன்னும் எளிதாக வேண்டுமென்றால், உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே போட்டுக்கொண்டு "34 சார்" என்பார்கள், டேப் வைத்தால் 39 வரும்.

பதிலுக்கு இந்தச் சகோதரியிடம் இடுப்பளவு கேட்டேன். 96 என்று அனுப்பினார். 80 இருக்க வேண்டிய இடத்தில் 96. இந்தப் பதினாறு சென்டிமீட்டரில் எலும்பு இல்லை அம்மா.

இதற்கு நேர் எதிராக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது என்னை மிகவும் வருத்தப்படுத்துகிறது. அஸ்தம்பட்டி பக்கமிருந்து ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தார். முடி கொட்டுகிறது, மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை. உயரம் 163, எடை 60, மணிக்கட்டு 16.3, இடுப்பு 74. எல்லாமே சரியான அளவுக்குள். ஆனால் வீட்டில் வரன் பார்க்கிறார்கள். பார்க்க வந்த யாரோ "பெண் கொஞ்சம் அகலமாக இருக்கிறதே" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். இரவில் இரண்டு பிஸ்கட், பால் இல்லாத டீ. பெரியம்மா மகள் 48 கிலோ இருக்கிறாளாம், அந்த எண்தான் குறி. அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டி அம்மாவிடம் சொன்னேன்: இவள் தோளும் இடுப்பெலும்பும் இவள் பிறவி அமைப்பு. பட்டினி போட்டால் கரைவது தசை, கெடுவது மாதவிடாய், பலவீனமாவது எலும்பு. அகலம் குறையாது. இந்த மாதிரி பெண்களுக்குத்தான் உடலமைப்புக் கணக்கு உண்மையிலேயே உதவுகிறது. 60 கிலோ உனக்குப் பொருத்தமான எடை, போய்ச் சாப்பிடு என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

ஆனால் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "டாக்டர், எனக்குச் சின்ன எலும்பு. நான் எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்?" இதை ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் முகாம் போட்டிருந்தோம். பழம் பறிக்கிற பெண்கள் வரிசையில் வந்தார்கள். சரிவில் ஏறி இறங்குகிற உடம்பு, பெரும்பாலோருக்கு இடுப்பளவில் குறையே இல்லை. அங்கே கணக்கெழுதுகிறவர் ஒருவர் மனைவிக்குத் துணையாக வந்து ஓரமாக நின்றார். "எனக்கு எதற்கு சார், நான் ஒல்லி" என்றார். மணிக்கட்டு 15.5, உயரம் 170. வகுத்தால் கிட்டத்தட்ட 11. மிகச் சிறிய உடலமைப்பு. எடை 64, பிஎம்ஐ 22, எந்த அட்டவணையில் பார்த்தாலும் பாஸ். சட்டையைத் தூக்கி டேப்பைச் சுற்றினால் 93. கையும் காலும் குச்சி, நடுவில் சின்னப் பானை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தோம், 148. மனைவிக்கு எல்லாம் சரியாக இருந்தது.

அவருக்கு நடந்தது என்ன? எலும்பு சிறியது, அதன் மேல் தசையும் குறைவு. அந்த உடம்புக்கு 56, 57 கிலோ போதும். அவர் 64-ல் இருக்கும்போது கூடுதலாக இருக்கும் ஏழெட்டு கிலோவும் கொழுப்பு, அதுவும் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அதுதான் குறைவாக இருக்கிறதே.

புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே யாஜ்னிக் குழு புனே பகுதிக் கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பிறந்தபோது நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, அவர்கள் 3.5. எடை அவ்வளவு குறைந்தும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே சிறிய உடம்பு, கொழுப்பு அப்படியே. நம் ஊரில் ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே சின்ன மணிக்கட்டுக்காரர்களே, நீங்கள்தான் முதலில் டேப்பை எடுக்க வேண்டும்.

மறுபடி அம்மாபேட்டை சகோதரிக்கு. 58-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் ஆறு மாதத்தில் 74-லிருந்து 69, 70-க்கு வந்தால் போதும். அந்த நான்கைந்து கிலோவிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து சுண்டலோ முட்டையோ சேர்ப்பது பற்றி முன்பே விரிவாகப் பேசியிருக்கிறேன், தட்டுவடை செட் பற்றியும் பேசியிருக்கிறேன், அந்த வீடியோக்களைப் பாருங்கள். பெரிய எலும்பு உள்ளவர்களுக்குத் தசை நன்றாக ஏறும், அதனால் நடையோடு நிறுத்தாமல் எடை தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு இருந்தால் ஆரம்பிக்கலாம். இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பார்த்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் அழுத்தமும் பார்ப்பார்கள். உங்கள் அம்மாவையும் பெரியம்மாவையும் கூடக் கூட்டிப்போங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை அசையாத மாதத்திலும் இடுப்பு ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், செய்வதை அப்படியே தொடருங்கள்.

மற்ற நேயர்கள் கேள்வி அனுப்பும்போது உயரம், எடையோடு மணிக்கட்டையும் இடுப்பையும் சேர்த்து அனுப்புங்கள். ஆத்தூரிலிருந்து முழங்கால் தேய்மானம் பற்றி வந்த கேள்வியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.