எல்லை தாண்டி வந்தவருக்கு முதல் பைக்: டி.என். நம்பரா, கே.எல். நம்பரா?

[காட்சி: வேலந்தாவளம் கடைவீதி. பலகைகளில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கின்றன. டி.என். 41, கே.எல். 70 வண்டிகள் மாறி மாறிப் போகின்றன.]

வணக்கம். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து பாலக்காட்டு மாவட்டத்துக்குள் குடிவந்தவர்களுக்கான வீடியோ இது. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையாக இருக்கலாம், முதலமடையில் மாந்தோப்பு வேலையாக இருக்கலாம், கல்யாணமாகி வந்திருக்கலாம். கடையில் தமிழ் பேசுகிறார்கள், பிள்ளைக்குத் தமிழ்வழிப் பள்ளிக்கூடம்கூடக் கிடைக்கிறது. வெளிமாநிலம் வந்த மாதிரியே இருக்காது. பஸ் நேரம் ஒத்துவரவில்லை, சின்னதாக ஒரு பைக் வாங்கலாம் என்று கிளம்பும்போதுதான் எல்லை என்று ஒன்று இருப்பது தெரியவரும்.

பொள்ளாச்சியில் ஒரு கன்சல்டிங் கடையில் பழைய ஸ்ப்ளெண்டர் நிற்கிறது. அதே வருடம், அதே மாடல் எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் ஒன்று நிற்கிறது. விலை ஐந்தாயிரம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மனசு பொள்ளாச்சிக்குத்தான் போகும். நான் கொழிஞ்சாம்பாறை வண்டியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

[காட்சி: ஆர்.சி. அட்டை நெருக்கத்தில்.]

"வெளிமாநில வண்டியை ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி சரி. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த 12 மாதம், ஏற்கெனவே உங்கள் பெயரிலோ வீட்டில் ஒருவர் பெயரிலோ இருக்கும் வண்டியோடு குடிவந்தால்தான். இன்னொருவரிடமிருந்து வாங்கினால் 50ஆவது பிரிவு வந்துவிடும். வாங்கியவர், தான் குடியிருக்கும் இடத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் கெடு உண்டு: அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள், வெளிமாநிலத்துக்கு என்றால் 45 நாள்.

ஆகவே பொள்ளாச்சியில் வண்டி வாங்கி கொழிஞ்சாம்பாறையில் வீட்டு வாசலில் நிறுத்துகிற உங்களுக்கு ஒரு வருடம் கிடையாது, ஒரு மாதம்தான்.

அந்த ஒரு மாதத்தில் என்னவெல்லாம் நடக்க வேண்டும்? முதலில் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று. அதற்கு ஃபார்ம் 28. வண்டிமேல் கடன் இருந்தால் எச்.பி., அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு, கேன்சல் ஆகியிருக்க வேண்டும், அது ஃபார்ம் 35. அபராதம் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி கேட்பார்கள். 30 நாளுக்குள் மறுப்பு எதுவும் சொல்லாவிட்டால் என்.ஓ.சி. கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. இருந்து என்ன, கையில் காகிதம் இல்லாமல் கேரள அலுவலகத்தில் போய் அதை வாதாடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

அப்புறம் சித்தூர். ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். அங்கே பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. புதிய நம்பருக்கு ஃபார்ம் 27. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கடைசியாக வரி. வாகன வரி மாநிலத்தின் வருமானம். முதல் உரிமையாளர் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரி கேரளாவில் செல்லாது. வண்டியின் வயதுக்குத் தகுந்தபடி இங்கே மறுபடி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மிச்சக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம், தனியாக ஒரு அலைச்சல். வேலைக்கு லீவு போட்டு இத்தனையும் செய்தால் அந்த ஐந்தாயிரம் லாபம் எங்கே மிஞ்சும்?

இங்கேதான் கடைக்காரர் ஒரு சுருக்கு வழி சொல்வார்.

"நேம் டிரான்ஸ்ஃபர் எல்லாம் எதுக்குங்க தம்பி? ஓனர்கிட்ட 29, 30ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன். தேதி போடாம அப்படியே வச்சுக்குங்க. எப்ப வேணுமோ மாத்திக்கலாம்."

"போலீஸ் நிறுத்தினா என்னண்ணா சொல்றது?"

"ஃபிரெண்டு வண்டின்னு சொல்லுங்க."

[காட்சி: தேதி நிரப்பாத படிவம், கீழே கையெழுத்து மட்டும்.]

இந்த ஓப்பன் ஃபார்ம் சமாச்சாரத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். கேரளாவில் 2023 ஜூன் முதல் சாலையோர ஏ.ஐ. கேமராக்கள் ஹெல்மெட் போடாதவர்களையும், ஒரே வண்டியில் மூன்று பேராகப் போகிறவர்களையும் படம் பிடித்து அபராதம் அனுப்புகின்றன. நோட்டீஸ் ஆர்.சி.யில் உள்ள பெயருக்குத்தான் போகும். நீங்கள் வாளையாரில் செய்த தப்புக்குப் பொள்ளாச்சியில் யாரோ ஒருவருக்குத் தபால் வரும். ஒருநாள் அவர் கோபத்தில் வண்டி காணாமல் போனதாகப் புகார் கொடுத்துவிட்டால், ஸ்டேஷனில் நின்று விளக்கம் சொல்வது நீங்கள்தான்.

விற்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். விபத்து வழக்குகளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகவே சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறிப்போயிருந்தாலும் சரி, இழப்பீட்டுப் பொறுப்பு முதல் ஆள் தலையில்தான் விடியும். வண்டி கைமாறும்போது தேதி மட்டுமல்ல, மணியையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு டெலிவரி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு விற்ற வண்டி பதினொரு மணிக்கு யார்மேலாவது மோதினால் அந்தத் தாள் பேசும். அதை வைத்துக்கொண்டு பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

பொள்ளாச்சி வண்டி சரிப்பட்டு வருகிற இடமும் உண்டு. அப்பா பெயரிலோ உங்கள் பெயரிலோ ஏற்கெனவே ஊரில் ஒரு வண்டி நிற்கிறது, நீங்கள் இங்கே இருக்கப்போவதும் ஒரு வருடத்துக்குள்தான் என்றால் அதையே கொண்டு வாருங்கள். புதிதாக எதற்கு வாங்க வேண்டும்?

[காட்சி: காற்றில் சாயும் தென்னைகள். ஓரமாகப் போகும் ஒரு ஸ்ப்ளெண்டர்.]

சரி, எந்த வண்டி? முதல் வண்டிக்கு 100 சிசி போதும் என்பது என் கட்சி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேனோன்பாறை வழியாகக் கஞ்சிக்கோடு போய்வர அதற்குமேல் தேவையே இல்லை. ஆனால் இந்த ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: காற்று. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று சின்ன வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 தொண்ணூறு கிலோகூட இல்லை. ஸ்ப்ளெண்டர் 110 கிலோவுக்குச் சற்று மேல். அந்த இருபது கிலோ வித்தியாசம் வாளையார் நெடுஞ்சாலையில் லாரி உங்களைத் தாண்டும்போது நன்றாகத் தெரியும். ஊருக்குள்ளே தோட்டத்துக்கு, பால் கேனுக்கு, புல்லுக்கட்டுக்கு எக்ஸ்.எல்.லை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெடுஞ்சாலையில் தினமும் போவதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மூணாறு, பூப்பாறைப் பக்கம் குடிவந்தவர்களும் யோசியுங்கள். எக்ஸ்.எல்.லில் கியர் கிடையாது, போடிமெட்டு இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. முழுப் பாரமும் பிரேக் டிரம்மின் மேல்தான்.

உங்கள் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்றிருந்தால் ஸ்ப்ளெண்டர் ஓட்ட முடியாது. தமிழ்நாட்டு லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும், கேரளாவுக்கென்று தனியாக வேண்டியதில்லை. லைசென்ஸே இல்லாதவர்கள் எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்து இங்கேயே எட்டு போடலாம். இந்த ஊரில் பல காலம் பஜாஜ் எம் 80 வண்டியை வைத்தே எட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள், கியர் கையில் இருக்கும், காலைக் கீழே வைக்காமல் சுற்றிவிடலாம். 2024இல் அதை நிறுத்தி, கால் கியர் வண்டி வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

[காட்சி: பழைய வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கும் ஒரு மெக்கானிக்.]

பழைய வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்னமே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கும், செலவு கையைக் கடிக்கும். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போவது, அது சின்ன வேலையாகவே முடியலாம்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பிடித்து நிற்கிற மாதிரி இருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங், தேய்ந்துவிட்டது. ஃபோர்க் பைப்பில் விரலை ஓட்டுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் கசிகிறது. ஸ்ப்ளெண்டரில் செயினுக்கு முழு மூடி இருக்கும், அதில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இழுத்தால் செயின் பல்லைவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தால் செயின், ஸ்பிராக்கெட் இரண்டையும் மாற்றியாக வேண்டும். டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ரப்பருக்கும் வயது உண்டு.

மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. பிரேக் பெடல், கால் வைக்கிற ரப்பர், சாவித் துவாரம் இவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் செய்த வண்டி என்றால் சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் யாரோ அந்த விளக்கைக் கழற்றிவிட்டிருக்கலாம். அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அரம் போட்ட தடம் இருந்தால் விலையே பேசாதீர்கள், வந்த வழியே கிளம்பிவிடுங்கள். போனில் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் கடன், கறுப்புப் பட்டியல், பாக்கி அபராதம் எல்லாம் தெரிந்துவிடும். பதிவு தேதியையும் பாருங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2013 வண்டியை வாங்கினால் 2028இல் அந்த வேலையும் சேர்ந்தே வருகிறது.

பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்றக் கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வரும், ஆனால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் பழைய பெயரில் உள்ள பாலிசியை வைத்துப் பணம் வாங்குவது கஷ்டம். "நோ கிளைம் போனஸ் அம்பது பர்சென்ட் இருக்கு" என்று சொல்லி விலை ஏற்றினால் மசியாதீர்கள். அது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக விற்பவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, வண்டியோடு வராது.

புது வண்டி எடுப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆதாரில் முகவரி இன்னும் தமிழ்நாடு என்றால் ஷோரூம் போவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆன் ரோடு விலையைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் இதெல்லாம் சரி. "ஹேண்ட்லிங்" என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது, விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கேரளாவில் 2019 டிசம்பரிலிருந்து பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம்.

[காட்சி: சித்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகப் பலகை.]

மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாது, அலுவலகத்தில் எப்படிச் சமாளிப்பது என்று சிலர் ஏஜென்டைத் தேடி ஓடுகிறார்கள். கேரளாவின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம் என்றும், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்றும் சொல்கிறது. வண்டிப் படிவங்கள் ஆன்லைனில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் ஆர்.சி. வரவில்லை, வரிக் கணக்கு புரியவில்லை என்று ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தால் தமிழில் எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.