கோட்டைக்குள் குரல்

வணக்கம் நேயர்களே.

எங்கள் பக்கம், அதாவது பழைய வடஆர்க்காடு ஜில்லாவில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. முன்வரிசையில் பாயை விரித்து உட்கார்ந்தவர் காதில் என்னவெல்லாம் விழும்? எதிரே வேஷக்காரர் பாட்டு. அவருக்குப் பின்னால் பின்பாட்டு, மிருதங்கம், முகவீணை. அடுத்த பாயில் ஓர் அத்தை பேரனுக்கு, 'இவன்தான்டா துச்சாதனன்' என்று காதோடு சொல்வது. ரொம்பத் தூரத்தில் போண்டாக் கடைக்காரர் குரல். எல்லாம் ஒன்றாக வந்தாலும் குழப்பமில்லை. பக்கம் எது, தூரம் எது என்று காது தானாகவே பிரித்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டருக்குள் கட்டிய ஊரில் கூடுகிறவர்களுக்கு வாய்ஸ் சாட் அமைக்கும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பக்கமும் தூரமும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். எங்கள் பிள்ளைகளும் பழைய மாணவர்களும் சேர்ந்து லுவாண்டி என்ற மென்பொருளில் வேலூர்க் கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். 2024 வரை அதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். காசு கிடையாது, அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஓடும். அகழி, கொத்தளம், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம், மசூதி, சர்ச் என்று சதுரம் சதுரமாக அடுக்கியாயிற்று. ஞாயிறு சாயங்காலம் அங்கே கூடுவோம். குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஆம்பூரிலிருந்து இருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி. ஜூலை 10 வந்தால் 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டுவோம்.

லுவாண்டிக்குள் பேச வசதி இல்லை, எழுதத்தான் முடியும். அதனால் முதல் வாரம் சாதாரண கான்ஃபரன்ஸ் காலில் பேசிக்கொண்டே விளையாடினோம். பன்னிரண்டு பேர். 'இங்கே வாங்க, இங்கே வாங்க' என்கிறான் ஒருவன். எங்கே என்று யாருக்கும் தெரியாது, எல்லாருடைய குரலும் மண்டைக்கு நடுவில் ஒரே இடத்தில் கேட்கிறது. நடுவே காட்பாடியில் யார் வீட்டிலோ குக்கர் மூன்று விசில் அடித்தது.

குரலுக்குத் தூரம் வைப்பது புதிய யோசனை அல்ல. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் 2003-இல் வந்தது, அதற்குள் வாய்ஸ் 2007-இல் வந்தது. உங்கள் பொம்மை நகர நகர, எதிராளி குரல் இடம் வலம் மாறும், விலக விலகத் தேயும். கட்டைகளை அடுக்கி விளையாடும் மைன்கிராஃப்ட்டில் சிம்பிள் வாய்ஸ் சாட் என்ற இணைப்பைப் போட்டால் அதே கதைதான். மாற்றாமல் விட்டால் 48 கட்டைத் தூரம் வரை குரல் போகும். ஆனால் அது கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்புக்கானது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் இருப்பது ஃபோன் மட்டும். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் உள்ளே போய் என்ன பேசுவது?

ஆகவே கூட்டமாகப் பேசிக்கொள்ள உதவும் மம்புள் என்ற மென்பொருளை எடுத்தோம். இதுவும் இலவசம்தான். விளையாட்டுக்கு வெளியே தனியாக ஓடும். எல்லாருடைய குரலும் வந்து போகும் நடுக் கம்ப்யூட்டரான சர்வரில் அறைகளாகப் பிரித்து 'கோட்டை வாசல்', 'மண்டபம்', 'அகழிக்கரை' என்று பெயர் வைத்தோம். அகழிக்கரைக்கு நடந்து போகிறவர் அந்த அறைக்கும் மாறிக்கொள்ள வேண்டும். ஓர் அறைப் பேச்சு அடுத்த அறையில் கேட்காது. முழுத் தூரம் கிடைக்காது, சுவர் கிடைக்கும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சர்வரை எங்கே வைப்பது? வீட்டு லேப்டாப்பில் வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். நடக்கவில்லை. நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெளியிலிருந்து வருகிறவருக்கு நம் வீட்டுக் கதவு தெரியாது. மும்பையில் ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்கு எடுத்தோம். அதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகும். மம்புளுக்கு 64738 என்ற போர்ட்டை, அதாவது சர்வரின் வாசலை, டிசிபி, யுடிபி என்று தகவல் போகும் இரண்டு வழிகளுக்கும் திறக்க வேண்டும். நான் டிசிபியை மட்டும் திறந்தேன். மொத்தமாக வேலை செய்யாமல் போயிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். ஆனால் யுடிபி இல்லாவிட்டால் மம்புள் குரலை டிசிபி வழியாகவே அனுப்பிவிடும். அதில் ஒரு பாக்கெட், அதாவது குரலின் ஒரு துண்டு, தொலைந்தால், அது திரும்பி வரும்வரை பின்னால் இருப்பதெல்லாம் வரிசையில் நிற்கும். பேச்சு நொண்டியது. பாவம், சிங்கப்பூர்க்காரியின் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

டேட்டா பற்றிப் பயப்பட வேண்டாம். ஒருவர் பேச விநாடிக்கு 40 கிலோபிட் தாராளம். ஒருவர் விடாமல் பேசினாலும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 18 எம்பிதான். நடுவில் சர்வர் இருப்பதால் நாம் ஒரு முறை அனுப்பினால் போதும். சர்வர் இல்லாமல் பன்னிரண்டு பேரும் நேருக்கு நேர் அனுப்புவதென்றால், ஆளுக்குப் பதினொன்றாக மொத்தம் 132 ஓட்டங்கள்.

இனி மைக். கல்யாண மண்டபத்தில் மைக் செட் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதால் வரும் வினை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நுழைந்தால் இங்கேயும் அதேதான். ஒயர் வைத்த இயர்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை தீர்ந்தது. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு இனிமையாகக் கேட்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் மைக்கைத் திறந்த கணமே அது ஃபோன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்.

கூட்டத்துக்கு ஒரு கட்டியக்காரன் வேண்டும். கூத்தில் அவன்தானே எல்லாரையும் அழைப்பான், நடுவில் புகுந்து கேள்வி கேட்பான், ஆட்டத்தை நகர்த்துவான்? மம்புளில் ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடலாம். யாரையும் மியூட் செய்யலாம், அறை மாற்றலாம். எங்களுக்குப் பத்தாவது படிக்கும் ஒரு பெண். என்னையே இரண்டு முறை மியூட் செய்திருக்கிறாள்.

போன ஆடியில் விபரீத ஆசை ஒன்று வந்தது. எங்களூர்க் கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்து, கோட்டை மண்டபத்தில் திரை விருத்தம், அதாவது வேஷம் வரும்போது திரைக்குப் பின்னால் பாடும் பாட்டு, பாடச் சொன்னோம். பின்பாட்டு அவருடைய சிஷ்யர், ஆரணியில் அவர் வீட்டிலிருந்து. தாளம் சேரவே இல்லை. பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் தொல்லை இல்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பாட்டுக்கு அது ஆகாது. 30 மில்லிவிநாடி தாண்டினாலே தாளக்காரர் இழுக்க ஆரம்பித்துவிடுவார். காற்றில் ஒலி அந்த நேரத்துக்குள் பத்து மீட்டர் போகும். அப்படியென்றால் 150 என்பது, களரியில் வாத்தியாரும் தெருக்கோடியில், ஐம்பது மீட்டர் தள்ளி, பின்பாட்டும் நிற்பது மாதிரி. ஆளை மாற்றினாலும் நெட்டை மாற்றினாலும் இது முழுசாகத் தீராது. சிஷ்யரை பஸ் ஏறி வாத்தியார் வீட்டுக்கே வரச் சொன்னோம். ஒரே மைக், இரண்டு பேர்.

பாட்டு சேர்ந்தது. ஆனாலும் வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டார். 'ஏம்பா, ஜனம் இருக்குதா, எழுந்து போயிட்டாங்களா?' என்று கேட்டார். முப்பது பேர் இருந்தோம். குக்கர் விசிலுக்குப் பயந்து, பட்டனை அழுத்தினால்தான் பேச முடியும் என்று எல்லாருக்கும் வைத்திருந்தேன். கூத்தில் வரும் கட்டியக்காரன் வசனத்துக்கு அவரவர் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள், சிரிக்கிற நேரத்தில் யார் பட்டனைத் தேடுவார்கள்? அவர் காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

அதற்குப் பிறகு நான்கு பேரை முன்வரிசை என்று வைத்துக்கொண்டோம். அமைதியான வீடு, ஒயர் இயர்ஃபோன், மைக் எப்போதும் திறந்தே இருக்கும். அடக்கமாட்டாமல் சிரிக்கிறவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். இந்த ஞாயிறு அந்த வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, குடியாத்தத்துக்காரர் வீட்டில் கல்யாணம்.

வணக்கம்.