கதவைப் பிடித்துக்கொண்ட அம்மா

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நான்கு மணி நேரப் பயணம் முடிந்து ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கட்டணக் கழிப்பிடத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம். பெண்கள் பக்கம் பத்து ரூபாய். கொடுத்துவிட்டு உள்ளே போனால் தாழ்ப்பாள் இல்லை, பையை மாட்ட ஒரு ஆணிகூட இல்லை. பின்னால் நின்ற அம்மா, "நீ போம்மா, நான் கதவப் பிடிச்சுக்கிறேன்" என்றார். அப்புறம் அவருக்காக நான் பிடித்தேன்.

2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் கிடையாது. எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் ஒதுங்க இடமில்லை. அதற்குப் பயந்து எத்தனை பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள்! சிறுநீர்த் தொற்று வர இதுவும் ஒரு காரணம். கழிப்பிடத்தில் ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்குக் காசு என்ற இந்த வேற்றுமையை எதிர்த்து மும்பைப் பெண்கள் 2011-இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

சரி, பொதுக் கழிப்பறையை வேறு மாதிரி நடத்த முடியாதா? திருச்சிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகள் பலவற்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மகளிர் குழுக்களே நடத்துகின்றன. முறை வைத்து வாசலில் உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள், நோட்டில் வரவு செலவு எழுதுகிறார்கள். மின்கட்டணமும் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் அதிலிருந்தே போகின்றன. வாசலில் உட்கார்ந்திருப்பவர் அதே தெருக்காரர். அவருடைய மகளும் அங்கேதான் வர வேண்டும். பல்பு எரியவில்லை என்றால், நாப்கின் போடக் கூடை இல்லை என்றால், அன்றைக்கே அவர் காதுக்கு வந்துவிடும். கழிப்பிடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரருக்கு அந்த அவசரம் எப்படி வரும்?

திருநங்கைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது. ஆண்கள் பக்கமோ பெண்கள் பக்கமோ, தாங்கள் விரும்புவதை அவர்கள் பயன்படுத்தலாம் என்று தூய்மை இந்தியா வழிகாட்டுதலும் 2017-இல் சொன்னது. ஆனாலும் வாசலில் இருப்பவர் முறைக்கிற முறைப்பில் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. சாய்தளம் கட்டிவிட்டு, சக்கர நாற்காலி நுழையாத அளவுக்குக் கதவு வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் வார்டில் கழிப்பறை கட்ட வரைபடம் போடும்போது, பெண்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொல்லிக் கவுன்சிலரிடம் கேளுங்கள். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அக்காவையும் கூப்பிடச் சொல்லுங்கள்; விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அங்கேயே இருப்பவர் அவர்தான்.

நன்றி, வணக்கம்.