ஒன்பதாம் அலையை அச்சில் இறக்குவது

அனைவருக்கும் வணக்கம்.

இன்றைக்கு ஒரே ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். ரஷ்யக் கடலோவியர் இவான் ஐவசோவ்ஸ்கி 1850-இல் வரைந்த ‘ஒன்பதாம் அலை’. இரவெல்லாம் புயல் அடித்து ஓய்ந்து விடிகிற நேரம். உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சிலர் மிதக்கிறார்கள். சூரியன் பனிமூட்டத்துக்குள்ளிருந்து எழும்புகிறது; எதிரே ஓர் அலை எழுந்து நிற்கிறது, உச்சியில் ஒளி ஊடுருவிப் பச்சையாகத் தெரிகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கும் இதன் அளவு 221க்கு 332 செ.மீ. கடலோவியங்களில் இதைப்போல அச்சாகி வீடுகளுக்குப் போனவை குறைவு. இதைப்போல அச்சில் கெட்டுப்போனவையும் குறைவுதான்.

கெடுவதற்குக் காரணம் பிரின்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு மை உள்ள பிக்மென்ட் (நுண்துகள் நிறமி) பிரின்டர் எதுவாக இருந்தாலும் வேலையைச் செய்யும். சிக்கல் கறுப்பில் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தின் மேல் வார்னிஷ் பூசியிருக்கும்போது இருட்டுப் பகுதிகள் ஆழமாகத் தெரியும். மெல்லிய, ஒளி புகும் பூச்சுகளை அடுக்கடுக்காகப் போட்டு அலைக்குள் வெளிச்சம் இருப்பதுபோல் காட்டியிருக்கிறார் ஐவசோவ்ஸ்கி. பக்கத்தில் அந்த ஆழமான இருட்டு இருப்பதால்தான் அந்த வெளிச்சம் எடுபடுகிறது.

மேட் காட்டன் தாளில், அதாவது பளபளப்பில்லாத பருத்தித் தாளில், கிடைக்கக்கூடிய உச்சக் கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6. அதாவது விழுகிற ஒளியில் நாற்பதில் ஒரு பங்கு கண்ணுக்குத் திரும்பி வருகிறது. பழைய புகைப்படத் தாள்போல் மினுமினுக்கும் நல்ல பரைட்டா தாளில் 2.3 வரை போகலாம். அங்கே திரும்பி வருவது இருநூறில் ஒரு பங்கு. ஒரே ஃபைலை இரண்டிலும் அடித்துப் பாருங்கள். மேட் தாளில் முன்பக்கத்து அலையின் அடிவயிறு சாம்பல் பூத்துப்போயிருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, ஏற்றுவார்கள். கடல் பிளாஸ்டிக் வாளிப் பச்சைக்குப் போய்விடும். ஏற்ற வேண்டியது நிறத்தை அல்ல. நடுத்தொனிகளை ஒரு துளி இறக்கி, அலையின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியைக் காப்பாற்ற வேண்டும். மூலத்தின் நிறம் அப்படியே வராது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, நிறங்களுக்கு இடையிலான உறவை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் இந்த வேலை.

அதனால்தான் இந்த ஓவியத்துக்கு மேட் தாளை நான் சிபாரிசு செய்வதில்லை. பரைட்டா, அல்லது சாட்டின் வார்னிஷ் பூசிய கேன்வாஸ். மோனேயின் ‘இம்ப்ரஷன், சூரியோதயம்’ என்றால் கதை வேறு. 1872-இல் வரைந்தது, 48க்கு 63 செ.மீ.தான், பாரிஸ் மர்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வெளிர் சாம்பல் நீலத்துக்கு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள காட்டன் மேட் தாள் கச்சிதம். அங்கே சோதிக்க வேண்டியது வேறொன்று. அந்தச் செஞ்சூரியனும் சுற்றியுள்ள வானமும் ஏறத்தாழ ஒரே வெளிச்ச அளவில் இருக்கின்றன. நிறம் மட்டுமே அதைப் பிரித்துக் காட்டுகிறது. ஃபைலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துபோக வேண்டும். மறையாமல் பொட்டுப்போல் நிற்கிறதென்றால் இடையில் யாரோ கான்ட்ராஸ்டில் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஃபைலுக்கு வருவோம். பாதி நகல்கள் இங்கேதான் தோற்கின்றன. ‘ஒன்பதாம் அலை’ என்று தேடினால் ஒன்று ஆரஞ்சில் குளித்திருக்கும், இன்னொன்று பாசி படிந்திருக்கும். சில பழைய புத்தகங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை. பெரிதாக்கினால் ஆஃப்செட் அச்சின் புள்ளி வட்டங்கள் தெரியும், மறுபடி அச்சிட்டால் அலையலையான கோலம் விழும். கடலில் விழுகிற அந்த அலை ஐவசோவ்ஸ்கி வரைந்தது அல்ல! எந்த ஃபைலை நம்புவது? நுரையைப் பாருங்கள். சூரியன் படும் பாதையில் நுரை மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். நிழலில் குளிர்ந்த சாம்பலுக்குச் சாய வேண்டும். எல்லா நுரையும் ஒரே மஞ்சள் என்றால் பழுத்த வார்னிஷோ தவறான வெள்ளைச் சமநிலையோ காரணம். நுரையில் 255, 255, 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சம், அதாவது வெறும் வெள்ளை) என்று எண் காட்டும் திட்டுகள் இருந்தால் விவரம் செத்துவிட்டது, மீட்க முடியாது. நல்ல ஃபைலிலும் நுரையின் உச்சத்தை 250க்குள் நிறுத்துங்கள். பளபளப்பான தாளில் மை விழாத இடமும் மை விழுந்த இடமும் வேறு வேறு பளபளப்பில் மின்னி, பக்கவாட்டில் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

மூலத்தைப் புதிதாகப் படமெடுக்கிற வாய்ப்பு எல்லா ஓவியத்துக்கும் இல்லை. ரெம்பிராண்ட் 1633-இல் வரைந்த கலிலேயாக் கடற்புயல் 1990-இல் பாஸ்டன் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனது. இன்றுவரை திரும்பவில்லை. அதற்கு முன் எடுத்த படங்களே கதி.

வாய்ப்புள்ள இடத்தில், இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, விளக்குகளில் போலரைசர் தாள் (ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடுவது), லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய ஃபில்டர். வார்னிஷ் பளபளப்பு முழுதும் போய்விடும். கூடவே தூரிகைத் தடத்தின் மேடு பள்ளமும் போய்விடும். நிறம் கண்ணால் பார்ப்பதைவிட அடர்த்தியாகவும் பதியும். ஆகவே போலரைசர் இல்லாமல் இன்னொன்றும் எடுத்துக் கொஞ்சம் கலக்க வேண்டும். நிறத்தைச் சரிபார்க்க ஓரமாக 24 கட்ட நிற அட்டை வைக்க மறக்காதீர்கள். கேமரா ஓவியத்துக்குச் சரியான இணையாக இருக்க வேண்டும். பூச்சாடி ஓவியத்தில் அரைப் பாகை சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. கடலோவியத்தில் அடிவானம் இருக்கிறதே! 90 செ.மீ. அகலத்தில் அரைப் பாகை சாய்வு என்றால் ஒரு முனை ஏறக்குறைய 8 மி.மீ. இறங்கியிருக்கும்.

அளவு. இந்த ஓவியம் ஏறத்தாழ 3க்கு 2 விகிதம், எனவே 90க்கு 60 செ.மீ. வெட்டாமல் பொருந்தும். ஏ2 தாளில் 42 செ.மீ. உயரத்துக்கு அடித்தால் அகலத்தில் 3.7 செ.மீ. வெட்டுப்படும், வெள்ளை ஓரம் விட்டு அடிப்பதே மேல். 90க்கு 60ஐ அங்குலத்துக்கு 300 பிக்சலில் அடிக்க 10,630க்கு 7,087 பிக்சல் வேண்டும், அதாவது 75 மெகாபிக்சல். கேன்வாஸ் நெசவு விவரத்தை எப்படியும் விழுங்கும் என்பதால் அங்கே 150 போதும், 19 மெகாபிக்சல். இல்லாத பிக்சலை ஏஐ மென்பொருளால் வரவழைக்கலாம் என்பார்கள். அது நுரையைப் பூப்பின்னலாகவும், மிதப்பவர்களின் முகங்களை மெழுகாகவும் மாற்றித் தரும்.

வானத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. 8 பிட் ஜேபெக்கில் திருத்தம் செய்தால் மஞ்சளிலிருந்து ஊதாவுக்குப் போகும் மென்மாற்றம் படிப்படியாக உடைந்து பட்டை பட்டையாக விழும். 16 பிட் டிஃப் ஃபைலில், அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் வேலை செய்யுங்கள். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் மிச்ச பட்டையும் மறையும். இணையப் படங்களில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு பச்சை நீலப் பக்கம் குறுகியது, கடலுக்குச் சரிப்படாது.

அடுத்து சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது. மானிட்டரை 5000 கெல்வின், 80 முதல் 100 கேண்டெலா வெளிச்சத்துக்கு அளந்து வைத்து, தாளுக்குரிய ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) போட்டுப் பாருங்கள். ‘அச்சு இருட்டாக வந்துவிட்டது’ என்ற புலம்பலுக்கு முக்கால்வாசிக் காரணம் மானிட்டர் அதிக வெளிச்சத்தில் இருப்பது. நிறங்களைத் தாளின் வரம்புக்குள் கொண்டுவர இரண்டு முறைகளைப் பார்ப்போம். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறை, தாள் காட்ட முடியாத பச்சைகளை எல்லையில் கொண்டுபோய் ஒட்டிவிடும். அலையுச்சியின் நுண்ணிய ஏற்ற இறக்கம் ஒரே திட்டாகிவிடலாம். பெர்செப்சுவல் முறை எல்லாவற்றையும் சற்றே அமுக்கி, ஏற்ற இறக்கத்தைக் காக்கும். இந்த ஓவியத்துக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். இருந்தாலும் முழு அச்சுக்கு முன் சூரியனிலிருந்து அலை வழியாகப் பாய்மரம் வரை 15 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை உண்மை அளவில் அடித்துப் பாருங்கள். மை காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, வீட்டு 2700 கெல்வின் விளக்கில் ஒரு முறை. வானத்தில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் மை வரும் நாசில் துளை அடைத்திருக்கிறது.

கேன்வாஸை மரச்சட்டத்தில் மடித்து இழுக்கிறவர்கள் பக்கவாட்டுக்கு 4 செ.மீ., பின்னால் பின் அடிக்க இன்னும் 2 செ.மீ., நான்கு பக்கமும் கூடுதலாக விட வேண்டும். அந்த 6 செ.மீட்டரை ஓவியத்திலிருந்தே எடுத்தால் காட்சி ஓரமெல்லாம் சுருங்கிவிடும். கண்ணாடி பிம்பம்போல் ஓரத்தைத் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். அச்சிட்டு 24 மணி நேரம் கழித்துத்தான் வார்னிஷ். வார்னிஷ் போடாமல் இழுத்தால் மூலைகளில் மைப்பூச்சு வெடித்து வெள்ளை தெரியும்.

உரிமை பற்றிக் கேட்பீர்கள். ஐவசோவ்ஸ்கி 1900-இல் காலமானார், ஓவியம் பொதுவுடைமை. அதை அப்படியே பிரதி எடுத்த புகைப்படத்துக்குத் தனிக் காப்புரிமை இல்லை என்று நியூயார்க் மாவட்ட நீதிமன்றம் 1999-இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆணையில் அதே திசையில் போனது. மற்ற நாடுகளில் சட்டம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவுடைமை ஓவியத்தின் நகலில் மொத்தமே 250 பிரதிதான், இது 17-ஆவது என்பதுபோல் ‘250-இல் 17’ என்று பென்சிலால் எண் போட்டு விலை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அதே ஓவியத்தை நாளை யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை வேறு சங்கதி: அது பிறந்ததே மரக்கட்டை அச்சாகத்தான்.

ஃப்ரேமில் தாளைக் கண்ணாடியோடு ஒட்டவிடாதீர்கள்; மவுன்ட் அட்டையோ 3 மி.மீ. ஸ்பேசரோ போதும். ஈரம் காயாத அச்சை உடனே மூடினால் மையிலுள்ள கரைப்பான் வெளியேறி, கண்ணாடியின் உட்புறம் புகைபோல் படியும். இவ்வளவு இருண்ட கடலோவியத்தை ஜன்னலுக்கு நேர் எதிரே சாதாரணக் கண்ணாடி போட்டு மாட்டினால் அலைக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். பக்கச் சுவரில் மாட்டுங்கள். முடியாவிட்டால் பிரதிபலிப்பு குறைந்த அக்ரிலிக்குக்குச் செலவு செய்யுங்கள்.