எழுதியவர் பெயர் இல்லாத இணையப் பக்கமா? ஆய்வுக் கட்டுரையில் இப்படிக் காட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே! ஆய்வேடு எழுதுகிற பலர் கேட்ட கேள்வி இது: இணையப் பக்கத்தில் எழுதியவர் பெயரே இல்லையென்றால் ஆசிரியர் இடத்தில் என்ன போடுவது? சிலர் 'அனானிமஸ்' என்று போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். எழுதியவரே தன்னை அப்படிக் குறிப்பிட்டிருந்தால்தான் ஏபிஏ முறை (APA, அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் காட்டும் முறை) அதை ஏற்கும்.

பெயர் நிஜமாகவே இல்லையா என்று முதலில் பாருங்கள். இதோ திரையில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 'மரணத்துக்கான முதல் 10 காரணங்கள்' பக்கம். மேலிருந்து கீழ்வரை ஆள் பெயர் கிடையாது. ஆனால் வெளியிட்ட நிறுவனம் இருக்கிறதே, அதுதான் ஆசிரியர். 2018 மே 24 தேதியிட்ட பதிப்பை எடுத்தால், கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் (உலக சுகாதார நிறுவனம், 2018) என்று போட்டால் போதும். எம்எல்ஏ முறையில் (MLA, இலக்கிய, மொழி ஆய்வுகளில் அதிகம் பயன்படும் இன்னொரு மேற்கோள் முறை) மட்டும் கொஞ்சம் மாறும். வெளியிட்டவரும் எழுதியவரும் ஒரே நிறுவனம் என்றால், தலைப்பில் தொடங்கி, நிறுவனத்தை வெளியீட்டாளராகக் காட்ட வேண்டும்.

நிறுவனமும் தெரியவில்லையா? அப்போது தலைப்பு ஆசிரியர் இடத்துக்கு வரும். கட்டுரைக்குள் தலைப்பைச் சுருக்கி, ஏபிஏ முறை என்றால் சாய்வெழுத்தில், எம்எல்ஏ முறை என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தேதியும் இல்லையென்றால் ஏபிஏ முறையில் ஆண்டுக்குப் பதில் 'என்.டி.' (n.d., தேதி இல்லை என்பதன் சுருக்கம்) என்று போடுங்கள். தயவுசெய்து அடைப்புக்குறிக்குள் நீளமான லிங்க்கை ஒட்டாதீர்கள், பார்க்கவே சகிக்காது.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். அதே உலக சுகாதார நிறுவனப் பக்கத்தின் 2018 பதிப்பில், 2016-ல் உலகில் நிகழ்ந்த மரணங்கள் 5.69 கோடி என்று இருந்தது. 2020 டிசம்பரில் அதைப் புதுப்பித்தார்கள். அதில் 2019-க்கான கணக்கு, 5.54 கோடி. நீங்கள் பழைய எண்ணைக் காட்டியிருந்தால், லிங்க்கைத் திறந்து பார்க்கும் தேர்வாளர் முழிப்பார். அதனால் வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமித்து வைக்கும் தளம்) அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியைக் கொடுங்கள். அடிக்கடி மாறும் பக்கத்துக்குச் சேமித்த நகல் இல்லையென்றால், பார்த்த தேதியைச் சேர்க்கச் சொல்கிறது ஏபிஏ.

சரி, ஆள் இல்லை, நிறுவனம் இல்லை, தேதியும் இல்லை. அப்படிப்பட்ட பக்கத்தை என்ன செய்வது? என்னைக் கேட்டால், அதே தகவலுக்கு வேறு ஆதாரம் தேடுங்கள். அந்தப் பக்கத்தைப் பற்றியே ஆய்வு செய்கிறீர்கள் என்றால் வேறு விஷயம்.

விக்கிப்பீடியாவின் பழைய பதிப்புகளுக்கு லிங்க் எடுப்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.