தேதியை ஓடையிடம் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலைப்பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்களில் பலர் முதலில் விடுப்பு எடுக்கிறார்கள், அப்புறம் தூண்டில் கோல் வாங்குகிறார்கள், ஓடை எப்படி இருக்கும் என்பதைக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியை நெருங்கினால் திணற ஆரம்பித்துவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது, மீனுக்கு வேண்டிய ஆக்ஸிஜனோ கூடுகிறது. அந்த நேரத்தில் முள்ளில் மாட்டிப் போராடிய மீனை எவ்வளவு பக்குவமாகத் திரும்ப விட்டாலும், அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு கயிறு கட்டிய வெப்பமானியை முதலில் பையில் போடுங்கள். நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் சுமாரானதாக இருந்தாலும் பரவாயில்லை. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை பார்த்தால் போதும். பெரும்பாலும் பிற்பகலில்தான் ஓடை அதிகச் சூடாக இருக்கும்.

எந்த மாதம் போகலாம்? பனி உருகி ஓடும் மலையென்றால் வசந்தத்தின் பிற்பகுதியில் ஓடை பெருகிக் கலங்கிக் கிடக்கும். உயரத்து ஏரிகளில் அப்போதும் பனிக்கட்டி மூடியிருக்கலாம். வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிகிற வாரங்கள்தான் நல்ல காலம். கோடை முற்றினால் மேலே ஏறுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், ஓடையும் அதற்கேற்பக் குளிரும்.

பனிநீர் ஓடையில் இன்னொரு சங்கதி உண்டு, புதிதாகப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. பகல் வெயிலில் உருகிய பனி கீழே வந்து சேர நேரமாகும். காலையில் முழங்காலளவு இருந்த இடத்தில் மாலையில் இடுப்பளவு தண்ணீர் இழுக்கும். அக்கரைக்குப் போய் மீன் பிடிப்பதாகத் திட்டமிட்டால், திரும்பி வரும் நேரத்தையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி விடுங்கள். விழுந்தால் பையை உடனே உதறிவிடலாம்.

அடுத்தது அனுமதி. உரிமம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரே ஆற்றில் மேல்பகுதிக்கு ஒரு விதி, கீழ்ப்பகுதிக்கு ஒரு விதி இருக்கும். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்திலும், ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்திலும் கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையிடும். அந்த மாதங்களில் பல இடங்களில் தடை இருக்கும். தடை இல்லாவிட்டாலும் ஆழமில்லாத கூழாங்கல் திட்டுகளில் கால் வைக்காதீர்கள்.

இந்த மீன்கள் எல்லா மலைக்கும் சொந்தக்காரர்கள் அல்ல. பிரவுன் ட்ரவுட்டின் பூர்வீகம் ஐரோப்பாவும் அதையொட்டிய பகுதிகளும். 1864இல் இங்கிலாந்திலிருந்து அதன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியோடு கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். ரெயின்போவின் சொந்த இடம் பசிபிக் கடலில் கலக்கும் ஆறுகள். இப்படிக் கொண்டுவந்து விட்ட மீன் சில இடங்களில் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்திருக்கிறது. அதனால் ஓரிடத்தில் பிடித்ததை விட்டுவிடச் சொல்வார்கள், வேறோர் இடத்தில் விடவே கூடாது என்பார்கள். போகிற ஓடையின் விதியை மட்டும் பாருங்கள், நண்பர் சொன்ன விதி அவருடைய ஓடைக்கு.

உங்கள் காலணியும் எதையாவது ஏற்றிச் செல்லும். டிடிமோ என்ற நுண்பாசி ஈரமான காலணியிலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். காலணியில் வழுக்காமலிருக்க ஒட்டும் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி போன்ற துணி) அடிப்பாகம் சீக்கிரம் உலராது என்பதால் நியூசிலாந்து 2008இல் அதற்குத் தடை போட்டது. ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதாக இருந்தால் நடுவில் கழுவி உலர்த்த நாள் ஒதுக்குங்கள். தொட்டால் ஈரமில்லை என்றான பிறகும் 48 மணி நேரம் விடுவது நல்லது.

கருவிகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. இலேசான கோல், மெல்லிய நரம்பு, நுனியில் எதிர்க்கொக்கி இல்லாத முள், இவ்வளவு போதும். மீனை விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்; உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.

கோடைப் பிற்பகலில் மலையில் இடி மின்னல் சகஜம். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், எனவே முதல் இடி கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுத் திறந்த கரையை விட்டு விலகுங்கள். 2,500 மீட்டருக்கு மேலே தங்குவதாக இருந்தால் முதல் நாள் மீன் பிடிக்க வேண்டாம், உடம்பு பழகட்டும்.

கடைசியாக, வரைபடத்தில் இரண்டாவது ஓடை ஒன்றையும் குறித்து வையுங்கள், முதல் ஓடையைவிட உயரத்தில், நிழல் அதிகமுள்ளதாக. காலை 11 மணிக்கே வெப்பமானி 18 காட்டினால் அங்கே போய்விடலாம். எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மலையில் கைப்பேசியை நம்ப முடியாது.

நன்றி, வணக்கம்.