திருவாதிரை மங்கின மாசம்

வணக்கம் நேயர்களே. என்ர படிப்பு, ஆராய்ச்சி பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் கூப்பிட்டவை, ஆனா எனக்குத் திருவாதிரையில இருந்து தொடங்கத்தான் விருப்பம்.

மார்கழித் திருவாதிரைக்கு விடியக்காலமை கோயிலுக்குப் போவமெல்லே, அந்தத் திருவாதிரை மேல சிவப்பாத் தெரியிற ஒரு நட்சத்திரம், இங்கிலீஷ்ல பீட்டல்ஜூஸ். 2019 டிசம்பர் 26 யாழ்ப்பாணத்தில கங்கண சூரிய கிரகணம், எல்லாரும் அதைப் பற்றியே கதை, ஆனா அதே நாள்களில இரவில திருவாதிரை மங்கிக்கொண்டு போனது கனபேருக்குத் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில எங்கட பிளாட் மொட்டைமாடியில நிண்டு பாப்பன். காலி வீதி லைட் வெளிச்சத்துக்குள்ளயும் வடிவாத் தெரியும், தொலைநோக்கி ஒண்டும் வேண்டாம். வழமையா ரோகிணியை விடத் திருவாதிரைதான் பிரகாசம், 2020 பெப்ரவரியில ரோகிணி அதை வெண்டிட்டுது! வெறும் கண்ணால பாத்தே சொல்லலாம், திரும்பவும் சொல்லுறன், வெறும் கண்ணால.

வெடிக்கப்போகுதோ எண்டு உலகம் முழுக்கக் கதை. பிறகு பாத்தா, நட்சத்திரம் தன்ர வாயுவைக் கொஞ்சம் வெளிய எறிஞ்சிருக்கு, அது குளிர்ந்து தூசாகி முன்னால நிண்டு மறைச்சிருக்கு. சூரியன்ர இடத்தில அதைக் கொண்டுபோய் வைச்சா செவ்வாய் வரைக்கும் விழுங்கிப்போடும், அவ்வளவு பெரிசு. அங்க இருந்து வெளிச்சம் எங்களிட்ட வந்து சேரவே நூற்றுக்கணக்கான வருசம் எடுக்கும், அதால நாங்கள் பாத்த மங்கல் அங்க நடந்தது பெரும்பாலும் போர்த்துக்கேயர் இங்க வந்து இறங்க முந்தி. இந்தத் தூசிலதான் என்ர ஆராய்ச்சி. நாங்கள் மூச்சுவிடுற ஒக்சிசன் கூட இப்பிடிப் பெரிய நட்சத்திரங்களுக்குள்ள சமைஞ்சு வந்ததுதான், அதால எனக்கு இது தூரத்து விசயமாத் தெரியிறேல்ல.

படிப்பெண்டா, ஏஎல், அதாவது உயர்தரம், தமிழ் மீடியம் கணிதப் பிரிவு, பிறகு கொழும்பு கம்பஸில பௌதிகவியல். அங்க லெக்சர் எல்லாம் இங்கிலீஷ், தொடக்கத்தில பக்கத்தில இருந்த சிநேகிதியின்ர நோட்ஸ்தான் காப்பாத்தினது. பிஎச்டி வெளிநாட்டில. இப்ப வேலை முக்கால்வாசி கம்பியூட்டருக்கு முன்னால, டேட்டா பாக்கிறதும் புரோகிராம் கோட் எழுதிறதும்தான். இரவில நான் கோட் எழுதேக்க மகளை நித்திரையாக்கிறது என்ர மனுசன், அந்த உதவி இல்லாட்டி இது ஓடாது.

நேரம் முடியுதாம், தம்பி கை காட்டுறார். பைத்தன் எண்ட கம்பியூட்டர் மொழியை எப்பிடிப் படிக்கிறது எண்டு சொல்ல நினைச்சனான், ஏஎல் எழுதிட்டு வீட்ட இருக்கிற பிள்ளையள் இப்பவே தொடங்குங்கோ. டிசம்பர், ஜனவரியில இரவு எட்டு மணிக்குப் பிறகு கிழக்க பாருங்கோ, மூண்டு நட்சத்திரம் வரிசையா நிக்கும், அதுக்கு இடப்பக்கம் சிவப்பா இருக்கிறதுதான் திருவாதிரை. ரோகிணியோட ஒப்பிட்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. நன்றி, வணக்கம்.